சுகுணாவின் மீன்கள்

கண்ணாடி ஜாடியில் அத்தனை மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

ஜாடியைச் சுற்றி நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். ஆபீசர் வரதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வாட்ச்மேன் கோவிந்தண்ணன் "அய்யோ பாவம், சின்னச் சின்ன உசுருங்க" என்றார். சுகுணா வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்குப் பதிலாக மீன்களே சொல்லிவிட்டன.

"அப்போ அந்தக் கெணத்துத் தண்ணி விஷம்தான். வெரிகுட் சுகுணா" என்றார் சார்.

எனக்கு வயிற்றில் எரிச்சல் கிளம்பியது. பச்சைமிளகாயைக் கடித்த எரிச்சல் நாக்கோடு போய்விடும். இது உள்ளே இறங்கி, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. உயிரோடு இருந்தபோதும் அந்த மீன்களால் அவளுக்குத்தான் பெயர். இப்போது செத்தும் அவளுக்கே பெயர்.

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஓசூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: பொறாமை, பொறாமை என்று இப்படி வெளிப்படையாக எழுதுகிறீர்களே, கல்யாணம் ஆகவேண்டிய பெண் இல்லையா நீங்கள்? அக்கா, இதைப் படித்த பிறகும் பெண் பார்க்க வருகிறவர்கள் இருந்தால் அவர்கள்தான் எனக்குச் சரியான சம்பந்தம். வரச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் ஆய்வுக்கூடம்

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய கதை இது. தர்மபுரிப் பக்கம் மழை ஏமாற்றிய வருஷம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அல்லது, எந்த வருஷம் என்று குழம்பிப்போவார்கள்.

டவுனில் ஒரு பின்தெருவில், ஒரு வாடகை வீட்டில் எங்கள் யூனிட் இருந்தது. தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து எவ்வளவு தூரம் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வந்து சேருகிறது என்று பார்ப்பதற்காக அரசாங்கம் போட்ட சின்ன யூனிட். தக்காளி, கிணற்றுத் தண்ணீர், தானியம், பால் எது வந்தாலும் சோதிப்போம். போர்டில் இருந்த பெயர் நீளமானது. தெருக்காரர்கள் "விஷ ஆபீஸ்" என்று சுருக்கிவிட்டார்கள். "விஷ ஆபீஸ் பொண்ணு" என்று என்னைச் சுட்டிக்காட்டுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டுக் கூடம்தான் ஆய்வுக்கூடம். படுக்கையறை சாருடைய அறை. சமையலறையில் பாத்திரம் கழுவுவோம். அதாவது, நான் கழுவுவேன்.

நானும் சுகுணாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவரும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மார்க்கில் நான் அவளைவிட ஒரு படி மேல். இதை அவள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. இருவருக்கும் தற்காலிக வேலை. வருஷக் கடைசியில் ஒருத்தியை மட்டும் வடக்கே இருக்கிற பெரிய ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். அங்கே எலிகளை வைத்து, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்து, எந்த அளவு வரைக்கும் உடம்பு தாங்கும் என்று பார்க்கிறார்களாம். அந்த எலிகளைப் பற்றி நான் கனவே கண்டிருக்கிறேன்.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கன்றுக்குட்டியிடமிருந்து. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா கத்தரிக்கு மருந்து அடித்துவிட்டு, ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரை வரப்போரம் கொட்டினார். எங்கள் சிவப்புக் கன்று அதை நக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கால் நாலும் வெட்டி இழுத்துச் செத்துப்போனது. "என்ன மருந்துப்பா? அது உள்ள போயி என்னதான் பண்ணுச்சு?" என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. கோயிலில் ஃபாதரிடமும் கேட்டேன். அவர் ஜெபம் பண்ணச் சொன்னார். ஜெபமும் பண்ணினேன், கெமிஸ்ட்ரியும் எடுத்தேன்.

அவளுக்கு மீன், எனக்கு அப்பளம்

யூனிட்டில் இரண்டு விதமான சோதனை உண்டு. ஒன்று மீன் சோதனை. சந்தேகப்பட்ட தண்ணீரை ஒரு ஜாடியில் ஊற்றி, சின்ன மீன்களை விட்டு, மறுநாள் வரைக்கும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஜாடியில் நல்ல தண்ணீரும் அதே மீன்களும். மனுஷனுக்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்துகூட மீனுக்குத் தெரிந்துவிடும். விஷம் இருக்கிறதா இல்லையா என்று மீன் சொல்லும். என்ன விஷம் என்று சொல்லாது.

அதைச் சொல்வது என்னுடைய வேலை. கண்ணாடித் தகட்டில் வெள்ளை மாவுக் குழம்பை மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, அடியில் ஒரு சொட்டு மாதிரியைப் பொட்டு வைத்து, கரைப்பானில் நிற்கவைக்க வேண்டும். கரைப்பான் மேலே ஏறும்போது மருந்தையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். பிறகு வெள்ளி உப்பைத் தெளித்து மொட்டைமாடி வெயிலில் காட்டினால், அது நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி எழும். ஒன்றுமே இல்லாத வெள்ளையிலிருந்து அந்தப் புள்ளி எழுந்து வருகிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்க நான் சாப்பாட்டை விட்டிருக்கிறேன்.

ஆனால் யார் பார்க்கிறார்கள்? மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். மீன் ஜாடிகள் முன்னால் குனிந்து நின்று, "இது சாப்பிடற மீனா? எத்தனை நாள் வாழும்?" என்று சுகுணாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பி, காய்ந்துகொண்டிருந்த தகடுகளைப் பார்த்து, "இது என்னம்மா, அப்பளமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சுகுணாவும்தான்.

மீன் வாங்கவும் அவள்தான் போவாள். ஒகேனக்கல் பரிசல்காரர்களிடம் சொல்லிவைத்து, விரல் நீளக் குஞ்சுகளாகப் பிடித்து வாங்கி, பிளாஸ்டிக் கேனில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாள். மீனுக்குக் காற்று போக வேண்டுமென்று வழியெல்லாம் கேனைக் குலுக்கிக்கொண்டே வருவாளாம். கண்டக்டர் எழுந்து இடம் கொடுப்பாராம். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டிகள்கூட முறைபோட்டுக் குலுக்குவார்களாம். நான் கண்ணாடித் தகடுகளோடு பஸ்ஸில் ஏறினால், "ஏம்மா, ஒடஞ்சா யாரு மேல குத்தும்?" என்று கேட்பார்கள்.

சித்தேரி அடிவாரம்

அந்த ஜாடிக்கு வருகிறேன்.

சித்தேரி மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே குழந்தைகள் சிலருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. விளையாடிக்கொண்டே இருக்கும்போது கண் மேலே சொருகி, விழுந்து, கை கால் வெட்டும். ஒன்று அடங்கினால் இன்னொன்று. ஊரில் பூசை போட்டுப் பார்த்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் காய்ச்சல் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, உடம்பில் ஏதோ மருந்து போகிறது என்று சந்தேகப்பட்டு எங்கள் சாருக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த ஊருக்கு ஒரே கிணறு. கிணற்றுக்கு மேல்புறம் ஒருவர் தக்காளி போட்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் கிணற்றுக்குத்தான் போனது. தண்ணீர் எடுத்துவந்தோம். சுகுணா காலையில் மீன் விட்டாள். கூடத்து மேசையில் இடமில்லாததால் நல்ல தண்ணீர் ஜாடியைச் சமையலறையில் வைத்தாள். பிறகு எல்லோரும் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி மாதிரி எடுக்கப் போய்விட்டோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கூடத்தில் எல்லாம் சாவு. சமையலறையில் எல்லாம் உயிர்.

சார் உடனே வட்டார ஆபீசுக்கு எழுதினார். கிணற்றைப் பலகை போட்டு மூடிப் பூட்ட வேண்டும். அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப்பக்கம் ஓடை. அந்த வருஷம் அந்த ஓடையில் நாய் நக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது நான் சாப்பிடவில்லை. மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவளுடைய சோதனையில் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்ற ஒரே எண்ணம். ஊரைக் காப்பாற்றுகிற எண்ணமெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒன்று சொல்வேன். பொறாமைக்காரர்கள் சரிபார்க்கிற மாதிரி எந்த ஆபீசரும் சரிபார்க்க மாட்டார்.

பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரத்தில் ஜாடியை வைத்து, அதே கிணற்றுத் தண்ணீரில், நல்ல தண்ணீர் ஜாடியில் பிழைத்திருந்த அவளுடைய மீன்களையே விட்டேன்.

மறுநாள் அவை துள்ளிக்கொண்டிருந்தன.

சமையக்கட்டு சமையக்கட்டுதான்

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதே தண்ணீர், அதே மீன். கூடத்தில் சாகிறது, சமையலறையில் பிழைக்கிறது. அப்படியானால் விஷம் தண்ணீரில் இல்லை, கூடத்தில் இருக்கிறது.

மேசையை ஈரப்பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கரைப்பானில் நனைத்து, என் "அப்பள"த்தில் ஒரு பொட்டு வைத்தேன். மாடியில் வெயில் பட்டதும் புள்ளி தடியாக எழுந்தது. எழுந்த உயரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டி.டி.டி. கொசுவுக்கு வீடு வீடாக அடிப்பார்களே, அதே மருந்து. மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து வாசல் சுவரைப் பார்த்தேன். மருந்தடிக்கிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற தேதி இருந்தது, நாங்கள் பாலக்கோடு போன அதே நாள். எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கும், யாருமே படிப்பதில்லை. சுண்ணாம்புச் சுவரில் வெள்ளை மருந்து கண்ணுக்கும் தெரியாது. எங்கள் கூடத்தில் எப்போதும் இருக்கிற கரைப்பான் நெடியில் இன்னொரு நெடி மூக்குக்கும் தெரியாது.

"அண்ணா, நாங்க பாலக்கோடு போன அன்னிக்கு மருந்தடிக்கறவங்க வந்தாங்களா?"

"ஆமாம்மா" என்றார் கோவிந்தண்ணன் சாதாரணமாக. "தொறந்து வுட்டேன். அவங்களும் கவர்மெண்ட்டு, நாமளும் கவர்மெண்ட்டு. வேணாம்னு எப்பிடிங்க சொல்றது?"

"சமையக்கட்டுல அடிக்கலையா?"

"அங்க எப்பிடிங்க அடிப்பாங்க? சோறாக்கற எடமாச்சே. நாந்தான் கதவச் சாத்தி வெச்சேன். எந்த வூட்லயும் சமையக்கட்டும் சாமி ரூமும் வுட மாட்டாங்க."

"நாம அங்க சோறே ஆக்கறதில்லையே அண்ணா!"

"ஆக்கலன்னா என்னங்கம்மா? சமையக்கட்டு சமையக்கட்டுதானுங்களே."

அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சுகுணாவிடம் போய் நின்றேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் சிவந்தது.

"உனக்குப் பொறாமை, பிலோமி. வந்த நாள்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஆமாண்டி, பொறாமைதான். ஆனா மீன் உசுரோட இருக்குது. வந்து பாரு."

வந்தாள். குனிந்தாள். ஜாடிக்குள் விரலை விட்டாள். மீன்கள் அவள் விரலைச் சுற்றி வந்தன. அவளைத் தெரியும் போலிருக்கிறது அதுகளுக்கு. நான் அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். "பரவாயில்ல சுகுணா, யாருக்கும் நடக்கறதுதான்" என்று சொல்லத் தயாராகக்கூட இருந்தேன்.

அவள் நிமிர்ந்து, "அப்போ புள்ளங்களுக்கு வேற எதுலயோ போவுது" என்றாள். "கெணத்தப் பூட்டிட்டு நாம நிம்மதியா இருந்திருப்போம். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்திருக்கும். இல்ல?"

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். கண்டுபிடித்தது நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சாரிடமும் அவளே போய், "எங்க டெஸ்ட்டு தப்பு சார், பிலோமிதான் கண்டுபுடிச்சா" என்று பளிச்சென்று சொன்னாள். தோற்பதிலும் முதல் மார்க் வாங்குகிற பெண்ணை என்னதான் செய்ய முடியும்?

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடுதாசி போயாச்சும்மா. நாளைக்குப் பலகையோட வந்துருவாங்க. காலம்பற பஸ்ஸுக்குப் போங்க. வேற காரணம் என்னன்னு கையில புடிச்சிக்கிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. புள்ளங்க விழுந்துக்கிட்டு இருக்கறப்போ அவங்களுக்கு எதையாச்சும் மூடியே ஆகணும்."

மாதம்மா வீடு

மறுநாள் மீன் கேனை நான்தான் தூக்கினேன். கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் குலுக்கினேன். மலை ரோட்டு பஸ்ஸில் ஒருவரும் எனக்கு இடம் கொடுக்கவில்லை. சுகுணாவுக்கு ஒரு அக்கா இடம் கொடுத்தார். கேன் என் கையில் இருக்கும்போதே!

ஊரில் ஒன்று முதலில் தெளிவானது. வலிப்பு வந்த குழந்தைகள் எல்லாம் ஒரே சுவரில் ஒட்டியிருந்த இரண்டு வீட்டுக் குழந்தைகள். அண்ணன் தம்பிக் குடும்பம், அடுப்பு ஒன்று. அதே கிணற்றில் குடிக்கிற மற்ற வீட்டுக் குழந்தைகள் புளியமரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் மூத்த மருமகள் மாதம்மா. எங்களைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். அவள் மகள் செல்வி நெற்றியில் காயத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விழுந்ததில் பட்ட காயம். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு. எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் மறந்ததுபோல் நிறுத்திக்கொண்டாள்.

நான் பரீட்சைக் கேள்விபோல ஆரம்பித்தேன். "தினமும் என்ன சாப்பாடு?"

"ரேஷன் அரிசிங்க."

"கேழ்வரகு?"

"இல்லீங்க. மழையே இல்ல, கேவுரு எங்கிருந்துங்க வரும்?"

மூலையில் இருந்த திருகைக்கல்லின் ஓரத்தில் பழுப்பு மாவு ஒட்டியிருந்தது. "அப்போ இது என்ன மாவு?" என்றேன்.

மாதம்மாவின் முகம் கதவைப்போலச் சாத்திக்கொண்டது. "அது முன்ன அரைச்சதுங்க" என்று சொல்லிவிட்டு, செல்வியின் தலையைத் தடவ ஆரம்பித்தாள்.

சுகுணா எழுந்து போய்த் திருகைக்கல் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"எங்க வூட்லயும் ஒரு வருசம் வெதையத் தின்னோம்க்கா. எங்கம்மா கதவச் சாத்திக்கிட்டுதான் அரைச்சாங்க, சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு. வேற என்ன பண்றது? புள்ளங்க அழுவுதுங்களே."

மாதம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டவுன் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விதைத் தானியத்தைத் தின்பது எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் சாதாரண விஷயமில்லை. பசித்தால் பசித்துக் கிடப்பார்கள். விதைப்பானையைத் தொட மாட்டார்கள். தொட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். மாதம்மா டாக்டரிடம் சொல்லவில்லை, பூசாரியிடம் சொல்லவில்லை, மச்சினனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

உள்ளே போய் விதைப்பானையை எடுத்துவந்தாள். பூச்சி பிடிக்காமல் இருக்க அறுவடையின்போதே வெள்ளைத்தூள் கலந்து வைத்த கேழ்வரகு. விதைக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுக்கிற தூள்.

"ஆனா சும்மா அரைக்கலீங்க" என்று அவசரமாகச் சொன்னாள். "தண்ணி தெளியற வரைக்கும் கழுவித்தான், வெயில்ல காயவெச்சுத்தான் அரைச்சேன். துளி வாசம் இருக்காதுங்க. நாங்களும் அதத்தானே தின்னோம்? எங்களுக்குத் தலவலியோட போச்சு."

"அது தண்ணியில கரையற மருந்து இல்லைங்க, எண்ணெயிலதான் கரையும், தானியத்தோட தோலுக்குள்ள இறங்கிடும், சின்னப் புள்ளைங்க உடம்புக்கு அந்த அளவே" என்று நான் மளமளவென்று ஆரம்பித்தேன். ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அவள் கண்ணில் ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் எனக்கு மீன் ஞாபகம் வந்தது. எனக்குத்தான் வந்தது, இதை அழுத்தி எழுதிவிடுகிறேன். "நீங்க எப்பவும் கழுவற மாதிரியே எங்க எதிர்ல கழுவுங்க" என்றேன். கழுவினாள். ஊற்றி ஊற்றி, கிணற்றுத் தண்ணீர்போலவே தெளிந்த பிறகு, அந்தக் கடைசித் தண்ணீரை ஒரு ஜாடியில் வாங்கினேன். இன்னொரு ஜாடியில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் மீன் விட்டேன்.

அந்த நேரம் சுகுணா என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு ஜாடியையும் தூக்கி, "நீயே வெச்சிரு, அக்கா" என்று மாதம்மாவின் மடியில் வைத்துவிட்டாள்.

நாங்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முற்றத்து வெயில் சுவரேறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்ந்தது. பிறகு சுற்ற ஆரம்பித்தது, தன் வாலைத் தானே துரத்துவதுபோல. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

மாதம்மா அதைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். "இப்பிடித்தான்" என்றாள். "எம்புள்ள இப்பிடித்தான் பண்றா."

கிணற்றடி

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. பலகை, சங்கிலி, பூட்டு எல்லாம் வந்து இறங்கின. கிணற்றைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. குடத்தோடு பெண்கள் ஒரு பக்கம் கத்த, "ஆர்டரும்மா, ஆர்டர்" என்று வந்தவர்கள் ஒரு பக்கம் கத்த, நான் உள்ளே புகுந்து, "டெஸ்ட் தப்பு, தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

"முந்தாநேத்து விஷம்னு எழுதினதும் நீங்கதான், இன்னிக்கு நல்லா இருக்குன்றதும் நீங்கதானா?" என்றார் வந்தவர்களில் பெரியவர். "அப்போ புள்ளங்க எதனால விழுதுங்க? சொல்லுங்க, போயிடறோம்."

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சுகுணா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அது நாங்கள் சொல்ல வேண்டிய பதில் இல்லை. சொன்னால் அந்த வீட்டு மானம் போகும். சொல்லாவிட்டால் கிணறு போகும்.

கூட்டம் விலகியது. மாதம்மா இரண்டு ஜாடிகளையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கிணற்று மேடைமேல் வைத்தாள். ஒன்றில் மீன் நீந்திக்கொண்டிருந்தது. ஒன்றில் மல்லாந்து கிடந்தது.

"நீந்தறது இந்தக் கெணத்துத் தண்ணிங்க" என்றாள். "செத்தது எங்க வூட்டு வெதையக் கழுவுன தண்ணி. நாங்க வெதையத் தின்னோம். மருந்து போட்ட வெதைய. அதனாலதான் புள்ளங்க விழுதுங்க. கெணத்த வுட்டுடுங்க."

அவளுடைய மச்சினன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கடைசியில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"எங்க வூட்லயும் நேத்து பானையத் தொறந்துட்டோம்" என்றாள். "அதே தூள்தான். கழுவிக் காயப் போட்டிருக்கேன். இன்னும் அரைக்கல."

"போடி, ஓடிப் போயி அள்ளி வெய்யி! கோழி கொத்திடப் போவுது!" என்று யாரோ கத்தினார்கள். அந்த ஒரு சத்தத்தில் மானமாவது ஒன்றாவது, எல்லாம் உடைந்துபோனது. நாலைந்து வீட்டை நோக்கிப் பெண்கள் ஓடினார்கள்.

பலகை ஜீப்பிலேயே திரும்பிப் போனது.

பஸ்ஸில்

திரும்பி வரும்போது எங்களுக்கு ஒரே சீட் கிடைத்தது. நான் கேட்டேன், "எந்த வருசம்டி உங்க வூட்ல வெதையத் தின்னீங்க? சொன்னதே இல்லையே?"

சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "எங்கப்பா தக்காளி போடறவரு. நாத்து வெலைக்கு வாங்கித்தான் நடுவாரு. எங்க வூட்ல வெதைப்பானையே கெடையாது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது. எவ்வளவு அழகாகப் பொய் சொல்லியிருக்கிறாள்! அம்மா, கதவு, சத்தம் என்று எல்லாம் வைத்து! அந்தப் பொய் எனக்கு வருமா? என் உண்மை மாதம்மாவின் வாயைச் சாத்தியது. அவள் பொய் திறந்தது.

மாவில் இருந்தது அந்த விதைப்பானைத் தூள்தான் என்பதை என் தகடுகள் மறுநாள் சொல்லின. தூளின் புள்ளியும் மாவின் புள்ளியும் ஒரே உயரத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதைவிட அழகான தகடு நான் அதுவரை போட்டதில்லை. மாடியில் நானும் ஒரு காக்கையும்தான் பார்த்தோம்.

சார் ஆள் பிடித்து அந்த விதையையெல்லாம் புதைக்க வைத்தார். டாக்டர் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார். அந்த வீடுகளுக்குச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேறு கேழ்வரகு போனது. வருஷக் கடைசியில் வடக்கே பயிற்சிக்குச் சுகுணாவை அனுப்பினார்கள். "ஜனங்ககிட்ட போயிப் பேசற ஆளுதான்மா இந்த வேலைக்கு வேணும்" என்றார் சார் என்னிடம், ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. நான் ஸ்டேஷனுக்குப் போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். எலிகளை நினைத்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மழைக்கு அப்புறம்

அடுத்த பருவத்தில் மழை பெய்தது. மறுபடி ஒரு முறை தானியமும் தண்ணீரும் எடுத்துப் பார்க்க என்னைத் தனியாக அந்த ஊருக்கு அனுப்பினார்கள். கேழ்வரகு முழங்கால் உயரம் நின்றது. கிணற்றடியில் செல்வி இன்னொரு பெண்ணோடு வாளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றிக் காயம் தழும்பாகி மங்கியிருந்தது. மாதக்கணக்காக ஒரு முறைகூட விழவில்லையாம்.

மாதம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பாப்பா வரலீங்களா?"

"யாரு?"

"அதாங்க, சுகுணாப் பாப்பா. மீனு கொண்டாந்துதே. அது மட்டும் வரலன்னா எம்புள்ள இன்னிக்கு இல்லீங்க."

மீன் கொண்டுவந்தது நான். கேனைக் குலுக்கிக் குலுக்கித் தோள் வலித்தது எனக்கு. இதையெல்லாம் விழுங்கிவிட்டு, பெயர் எதற்கு, பிள்ளை பிழைத்ததே போதும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

சொன்னேன். "மீன் நாந்தான் கொண்டுவந்தேன். கெணத்துத் தண்ணி நல்லதுன்னு முதல்ல கண்டுபுடிச்சதும் நாந்தான். என் பேரு பிலோமினா" என்றேன். அவளுக்குச் சரியாக விளங்கியிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"அப்பிடீங்களா!" என்று மாதம்மா கன்னத்தில் கை வைத்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். உட்காரவைத்துக் களி போட்டாள். புது மாவு. கீரைக் குழம்பை ஊற்றி, வேண்டாம் என்றாலும் இன்னொரு உருண்டை வைத்தாள். நான் பயமில்லாமல் சாப்பிட்டேன்.

பஸ் வருகிற சத்தம் மலைத் திருப்பத்தில் கேட்டதும் அவள் செல்வியைக் கூப்பிட்டாள். வாளியைப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளை ஈரப் பாவாடையோடு குதித்துக் குதித்து ஓடிவந்தது.

"ஏ செல்வி, சுகுணா அக்கா கெளம்பறாங்க பாரு" என்றாள் மாதம்மா. "கும்புடு."